சீல் பிரித்த இரண்டு கார்டுகள்

ரொம்பப் பழைய கதை இல்லை இது. போன சித்திரை வரைக்கும் சென்னை ரிச்சி தெருவில், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கம்ப்யூட்டர் கடையில், திரையில் படம் ஓட்டுகிற இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து வந்தன.

கடைக்காரர் தாவூத் பாய். மூடி கழற்றிய இரண்டு கம்ப்யூட்டர்களை மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கார்டைச் செருகியிருந்தார். வருகிறவர்களுக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டுவார். எது எவ்வளவு வேகம் என்று திரையில் எண் வந்து நிற்கும்.

பெரியவனுக்கு மூன்று விசிறி, பதினாறு ஜிபி மெமரி. முழு மூச்சில் ஓடினால் முந்நூற்று இருபது வாட் மின்சாரம் தின்பான். சின்னவனுக்கு ஒரே விசிறி, எட்டு ஜிபி, நூற்றுப் பதினைந்து வாட். போட்டி முடிவை நான் வேறு சொல்ல வேண்டுமா? தினமும் பெரியவன்தான் ஜெயித்தான், அதுவும் இரண்டு மடங்குக்கு மேல்.

ஜெயித்ததும் வாடிக்கையாளர் கை தட்டாத குறையாகச் சொல்வார். "பிரமாதம் பாய். இதே மாடல்ல சீல் பிரிக்காத பீஸ் ஒண்ணு எடுங்க."

அந்தத் தெருவின் வழக்கம் அப்படி. பிரித்த பீஸை யாரும் தொட மாட்டார்கள். பெரியவன் மூச்சு வாங்க ஓடிக் காட்டுவான், குடோனில் அட்டைப்பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அதே மாடல் தம்பி ஒருத்தன் வீடு போய்ச் சேருவான். இந்தச் சின்ன விஷயம் அந்த மடையனுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. இன்னும் நாலு எண் கூடுதலாக வந்திருந்தால் தன்னையே எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

"இன்னைக்கும் நான்தான் ஜெயிச்சேன்" என்பான், சூடு ஆறிக்கொண்டிருக்கும்போது.

"தெரியும்ணே. பக்கத்துலதானே இருந்தேன்" என்பான் சின்னவன்.

"அப்புறம் ஏன்டா என்னை யாரும் கூட்டிட்டுப் போக மாட்டேங்கறாங்க?"

"என்னையும்தான் யாரும் கூட்டிட்டுப் போகல."

"நீ தோத்தவன். உனக்கு ஒரு காரணமாவது இருக்கு. எனக்கு?"

பெரியவனுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஒரு வீடு வேண்டும். யாரோ ஒருத்தர் காலையில் எழுந்து வந்து, தன் வேலைக்காக அவனை ஆன் செய்ய வேண்டும். காலையிலிருந்து கடை சாத்தும்வரை நூறு பேர் அவனைப் பார்த்தார்கள். இருந்தும் அவனைப்போல் தனியாகக் கிடந்த பொருள் அந்தத் தெருவிலேயே இல்லை. பாவம்தான், என்ன செய்ய.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏஞ்சலின் என்று ஒரு பெண் வந்தாள். வியாசர்பாடியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். தன் கம்ப்யூட்டரைப் போர்வையில் மூட்டையாகக் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்திருந்தாள்.

"கார்டு செத்துப்போச்சு பாய். வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண வீடியோ குடுத்தாகணும்."

"சீல் பீஸ் ரெண்டு மாடலும் தீந்துடுச்சேம்மா. அடுத்த வாரம்தான் வரும். மேசைமேல இருக்கறது ரெண்டும் பிரிச்ச பீஸ்."

"நல்லா ஓடுதுல்ல? ஓடினா சரி. எது பெரிசு?"

"அதுதான். ஆனா உங்க எஸ்எம்பிஎஸ் பழசு. கரண்ட் தாங்குமான்னு தெரியல."

"போட்டுத்தான் பாருங்களேன்."

பாய் பெரியவனைக் கழற்றும்போது சின்னவன் அவசரமாகச் சொன்னான். "அண்ணே, அங்க நிதானமா ஓடு. அங்க உன்னோட போட்டி போட யாரும் இல்ல."

"நிதானமா ஓடினா என்னை எதுக்குடா எடுப்பாங்க?" என்றான் பெரியவன்.

ஏஞ்சலினின் பெட்டிக்குள் தூசியும் இருட்டுமாக இருந்தது. மூலையில் மின்சாரம் தருகிற கிழட்டு எஸ்எம்பிஎஸ் முனகியது. "வாப்பா. எட்டு வருஷமா நான் இங்கதான். பார்த்துக் கேளு. அள்ளிக் குடுக்கற வயசு எனக்கு இல்ல."

அவள் கல்யாண வீடியோவைத் திறந்தாள். மணப்பெண்ணின் அப்பா யாரும் பார்க்காத மாதிரி கண்ணைத் துடைத்துக்கொள்கிற இடம். அதையே இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள்.

"எவ்ளோ தெளிவா இருக்கு பாய்" என்றாள் மெதுவாக.

எண் எதுவும் இல்லாமல் அவனை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பெரியவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் முழு வீடியோவையும் ஒரே ஃபைலாக ஆக்கித் தரச் சொன்னதும், மூன்று விசிறியும் அலற, இருக்கிற மின்சாரத்தையெல்லாம் உறிஞ்சினான்.

"போதும்ப்பா" என்றது எஸ்எம்பிஎஸ்.

"இன்னும் கொஞ்சம். அவங்க பாக்கறாங்க."

பெட்டி பட்டென்று அணைந்தது.

பாய் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். இந்தத் தடவை மெல்லத்தான் ஓடுவது என்று பெரியவன் முடிவே செய்துவிட்டான். ஆனால் ஓட ஆரம்பித்ததும் பழைய புத்தி வந்துவிட்டது. மெல்ல ஓட யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? மறுபடி அணைந்தது.

"சரிப்படாதும்மா" என்று பாய் அவனைக் கழற்றிவிட்டுச் சின்னவனைப் போட்டார். அதே வேலை, ஒன்பது நிமிடம் பிடித்தது. ஏஞ்சலின் டீ வாங்கிக் குடித்து முடிக்கிற வரை ஓடி, ஓடி, முடித்தேவிட்டான்.

"மெதுவாத்தான் போகுது. ஆனா முடிச்சிருச்சே. இதையே குடுங்க பாய்."

போர்வையை முடிச்சுப் போடுகிற சத்தத்துக்கு நடுவே சின்னவன் குரல் கேட்டது. "போயிட்டு வர்றேன்ணே."

போகாதே என்று சொல்லத்தான் பெரியவன் வாயெடுத்தான். வந்தது வேறு. "ஒன்பது நிமிஷமாடா உனக்கு?"

"ஆமாண்ணே" என்றான் சின்னவன். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. பெரியவனுக்கு அழுகை வந்தது.

பாய் அவனைத் திரும்பவும் மேசைமேல் பழைய இடத்தில் செருகினார். பக்கத்துக் கம்ப்யூட்டர் காலியாக நின்றது. மத்தியானம், இதையெல்லாம் அறியாத ஒருவர் படியேறி வந்தார். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்க வந்தவர்.

"ஓட்டிக் காட்டறேன், பாருங்க சார்" என்றார் பாய்.

பெரியவன் ஓடினான். அந்த மேசையில் அதுவரை யாரும் பார்க்காத எண் ஒன்று வந்து நின்றது.

வந்தவர் அந்த எண்ணைப் பார்த்தார். பக்கத்தில் இருண்டு கிடந்த திரையைப் பார்த்தார். பிறகு பாயிடம் கேட்டார்.

"இது அதிகமா பாய், கம்மியா?"