மலைக்கண்ணி கசப்பானது எப்படி

அந்தக் காலத்தில் செடியும் ஆடும் பேசிக்கொள்ளும். பேச்சு இருந்ததே தவிர, சமாதானம் இருந்ததில்லை.

மேல்மலை ஓடைக்கரையில் மலைக்கண்ணி என்றொரு செடி வளர்ந்தது. பனியில் தண்டு கருகிவிடும். கிழங்கில் இருக்கும் கண்கள்தான் மறுபடி முளைக்க வேண்டும். அப்போதெல்லாம் அந்தக் கிழங்கு இனிக்கும். அழகுக்கோனும் அவர் மனைவி சீரங்காயியும் ஓட்டிவந்த மந்தையில் செவலை என்று ஓர் ஆடு. குளம்பால் மண்ணைக் கிளறி, கண்ணும் கிழங்குமாகத் தின்னும். மற்ற ஆடுகளும் பழகிக்கொண்டன. கரை முழுக்க இருந்த செடிகளில் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது.

"என் இனத்தில் இனி நான் மட்டும்தான். ஒரு கண்ணையாவது விட்டுவிடு" என்றது செடி.

"உடம்பெல்லாம் கண் வைத்துக்கொண்டு அழுகிறாயே. என் குட்டிக்கே இரண்டுதான்" என்றது செவலை. அந்த இரண்டு கண்ணும் வயிற்றில் முதலில் ஒன்றாகத்தான் இருக்குமாம். உள்ளிருந்து 'பிரி' என்று ஒரு சேதி போன பிறகுதான் இடமும் வலமுமாக இரண்டாகுமாம். பெருமை பேசியபடியே மேய்ந்ததில், கல்லுக்கடியில் இருந்த ஒரு கண் அதன் வாய்க்குத் தப்பியது.

செடிக்குக் கொம்பில்லை, ஓடக் காலும் இல்லை. அந்த ஒரு கண்ணிலிருந்து முளைத்தது. முதலில் நாக்கு எரியும்படி கசந்து பார்த்தது. செவலை துப்பிவிட்டுத் தின்றது. வயிறு வலிக்கும்படி கசந்தது. மறுநாளும் செவலை வந்தது. பூப்பதை நிறுத்திவிட்டு, மண்ணிலிருந்து எடுத்ததையெல்லாம் ஒரே வேலைக்குத் திருப்பியது செடி: 'பிரி' என்ற அந்தச் சேதியை நிறுத்தும் கசப்பு.

அடுத்த பருவத்தில் கிடா சேர்ந்த சூட்டோடு செவலை வந்தது.

"உனக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருப்பதற்கு ஆகும். தின்னாதே" என்றது செடி.

"புல்பூண்டெல்லாம் மிரட்டுது பாருங்கடி" என்று மற்ற ஆடுகளிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, செவலை வாய் நிறையத் தின்றது.

குட்டி நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணோடு பிறந்தது. மூச்சு விடவில்லை.

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் அழகுக்கோன். புதிதாகக் கிடா சேர்ந்த ஆடுகளின் கழுத்தில் எல்லாம் கறுப்புக் கயிறு கட்டி, பயம் தீர்ந்தது என்று அதே கரைக்கு ஓட்டினார். ஈன்றபோது இன்னும் நான்கு குட்டிகள் அப்படியே விழுந்தன.

"ஏங்க, இது யாரும் வச்ச கண்ணு இல்ல. மேஞ்ச எடத்துல வந்தது" என்றாள் சீரங்காயி. அவர் கயிறுகளை அறுத்தார்.

செவலை தனியாக ஓடைக்கரைக்குப் போனது. "கசப்பை எடுத்துவிடு. இனி நான் வரமாட்டேன்."

"நீ வரமாட்டாய்" என்றது செடி. "உன் மகள் வருவாள்."

செவலை திரும்பி இறங்கியது.

கிடா சேர்ந்த ஆட்டை வயிறு தெரியும்வரை மேல்மலைக்கு ஓட்டாத வழக்கம் அன்றுதான் தொடங்கியது. மலைக்கண்ணியும் அன்று முதல் கசப்பை விடவில்லை.