வீரன் இட்ட முட்டைகள்

“எனக்கு ஏதாவது சொல்லித் தருவீர்களா, மாட்டீர்களா?”

தோளில் மூட்டையோடு வந்து நின்றான் தவசிமுத்து. மலையடிவாரக் குடிலின் குரு இசக்கியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் அவனைவிடச் சிறியவர்.

“சொல்லித் தர என்னிடம் ஒன்றும் இல்லையே,” என்றார்.

“அப்படியென்றால் நான் கிளம்புகிறேன்.”

“சரி.”

கிளம்புவது தவசிமுத்துவுக்குப் புதிதல்ல. மனைவி இறந்ததும் வீட்டை விட்டுக் கிளம்பினான். மந்திரம் கிடைக்கவில்லை என்று ஒரு மடத்திலிருந்து கிளம்பினான். மரியாதை கிடைக்கவில்லை என்று இன்னொரு மடத்திலிருந்து கிளம்பினான். இங்கே வந்து சில வருடங்களாகியும் தானிய அறையைப் பெருக்கும் வேலை மட்டும்தான் கிடைத்தது.

அந்த அறையில் ஒரு சாரைப்பாம்பு இருந்தது. குட்டியாக இருந்தபோது யாரோ மண்வெட்டியால் வெட்டிப் போட்டதை அவன்தான் எடுத்து வந்து, மஞ்சள் வைத்து ஆற்றினான். பகலில் வயல் பக்கம் போகும். பொழுது சாயும்போது தன் பழைய பானைக்குத் திரும்பிவிடும். அறையில் எலித்தொல்லை இல்லாமல் போயிற்று. அதற்கு வீரன் என்று பெயர் வைத்திருந்தான்.

கிளம்புமுன் வீரனைப் பார்க்கப் போனான். போன வேகத்திலேயே திரும்பி வந்தான்.

“வீரன் முட்டை போட்டிருக்கிறான்.”

அம்மை சிரித்துவிட்டார். அவர் சிரித்து அவன் பார்த்தது அன்றுதான்.

“முட்டைகளை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன் அம்மா.”

“அது என் பாம்பு இல்லையே.”

தவசிமுத்து நின்றான். மூட்டை தோளை அழுத்தியது.

“என்ன செய்ய வேண்டும் என்றாவது சொல்லுங்கள்.”

அம்மை எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். விரலில் கரி தொட்டுக்கொண்டு தானிய அறைக்கு வந்தார். தவசிமுத்து கை வைத்ததும் பாம்பு மெல்ல ஒதுங்கியது. அம்மை ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும், அதை அசைக்காமல், ஒரு பொட்டு வைத்தார்.

“இந்தப் பொட்டு மேலே பார்த்தபடியே இருக்கட்டும். புரண்டால் உள்ளே இருப்பது செத்துப்போகும்.”

“எதுவரை?”

“வெளியே வரும்வரை.”

தவசிமுத்து மூட்டையை ஆணியில் மாட்டினான். குஞ்சுகள் வந்த மறுநாள் கிளம்புவது என்று முடிவு செய்துகொண்டான்.

சில நாளில் பாம்பு போய்விட்டது. காலையில் சுவர் இடுக்கு வழியாகப் போனது, பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை.

அவன் கோபத்தோடு அம்மையிடம் வந்தான்.

“பெற்றவளே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.”

“ஆமாம்.”

“பிறகு நான் எதற்கு?”

“போனது அவள். இங்கே நிற்பது நீங்கள்.”

அவன் தானிய அறைக்குத் திரும்பிப் போனான்.

பானைக்குள் முட்டைகளைச் சுற்றி மணல் இட்டான். அது காய்ந்தால் முட்டைகள் சுருங்கின. ஈரம் கூடினால் பூசணம் பிடித்தது. புறங்கையை மணலில் வைத்துப் பார்த்து அளவு கண்டுபிடிக்கப் பழகினான். எறும்பு ஏறாமல் பானையைச் சுற்றிச் சாம்பல் தூவினான். கீரி ஒன்று மோப்பம் பிடித்து வந்தது. அதன் பிறகு வாசற்படியில் குறுக்கே படுத்துத் தூங்கினான்.

ஒரு முட்டை கறுத்து நாற்றமெடுத்தது. அதை மட்டும் எடுத்துக் கொய்யாமரத்தடியில் புதைத்தான்.

பிறகு மழை வந்தது.

விடியற்காலையில் மலை ஓடையின் கரை உடைந்தது. ஊர் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே பாறை மண்டபத்துக்கு ஓடினார்கள். அம்மையும் இரண்டு கிழவிகளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனார். தானிய அறையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியபோது தவசிமுத்து பானையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான்.

ஓடுகிறவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். அவனால் ஓட முடியாது. பானை சாயக்கூடாது.

இடுப்பளவு தண்ணீரில் காலால் தடவித் தடவி நடந்தான். பாதையில் ஓரிடத்தில் கல் உருண்டு கால் வழுக்கியது. கைகளை விடுவித்திருந்தால் எதையாவது பிடித்திருக்கலாம். அவன் முழங்காலை ஊன்றி விழுந்தான். பாறை விளிம்பு சதையைக் கிழித்தது. பானை நேராக இருந்தது.

மண்டபத்து வாசலில் செண்பகவல்லி நின்றுகொண்டிருந்தாள். போன அறுவடையில் பாம்பு கடித்து மகனைப் பறிகொடுத்தவள்.

“அது உள்ளே வரக்கூடாது,” என்றாள்.

“சாரை முட்டை தாயி. விஷம் கிடையாது.”

“என் பிள்ளையைக் கடித்தபோதும் முதலில் சாரை என்றுதான் சொன்னார்கள்.”

தவசிமுத்து பானையை அணைத்தபடி ஓரடி பின்வாங்கினான்.

“சரி தாயி.”

மண்டபத்துக்கு வெளியே, பாறை சற்றே மறைத்த ஓரிடத்தில் உட்கார்ந்தான். முதுகை மழைக்குக் கொடுத்து, பானை மேல் கவிழ்ந்துகொண்டான்.

உள்ளேயிருந்து அம்மை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

உச்சி நேரம் தாண்டி அம்மை ஓர் ஓலைத் தடுக்கோடு வந்து, அதை அவன் தலைக்கு மேல் பிடித்தார். அவன் பற்கள் கிட்டிப்போயிருந்தன.

“நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வழி விட்டிருப்பாள்.”

“விட்டிருப்பாள்.”

“ஏன் சொல்லவில்லை?”

“உங்களால் மழையில் உட்கார முடிகிறது. அவளால் இந்தப் பானையோடு ஒரே கூரையில் உட்கார முடியாது.”

தவசிமுத்து அம்மையின் முகத்தைப் பார்க்கவில்லை. “நீங்கள் உள்ளே போங்கள் அம்மா. காய்ச்சல் வரும்,” என்றான். தடுக்கைத் தானே வாங்கிக்கொண்டான்.

மாலையில் மழை தூறலாகக் குறைந்தது. செண்பகவல்லி ஒரு சாக்கை எடுத்து வந்தாள். பானைப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் அவன் முதுகில் போர்த்தினாள். போகாமல் நின்றாள்.

“இந்தக் குளிரில் அது பிழைக்குமா?”

“தெரியவில்லை தாயி.”

“தெரியாமலா இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள்?”

“ஆமாம்.”

அவள் அவனுடைய முழங்காலைப் பார்த்தாள். முந்தானையிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்துக் காயத்தைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சுப் போட்ட பிறகுதான் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அசையாமல் இருந்தான்.

தண்ணீர் வடிந்தது. குடிலுக்குத் திரும்பி, பானை வாயில் மூடியிருந்த துணியை விலக்கினான். கரிப்பொட்டுகள் மங்கியிருந்தன. ஆனால் எல்லாம் மேலே பார்த்தபடி இருந்தன.

சுவரைப் பூசினான். புது மணல் அரித்து வெயிலில் காயவைத்தான். புறங்கை வைத்துப் பார்த்துப் பார்த்து ஈரம் தெளித்தான். கிளம்பும் நாளைப் பற்றி நினைப்பது எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியாது.

ஒரு முற்பகலில் முதல் முட்டையில் சிறு கீறல் விழுந்தது. அதன் வழியாக ஒரு நாக்கு வெளியே வந்து காற்றைத் தொட்டது.

அவன் கூப்பிட்ட குரலில் அம்மை கை கழுவாமல் ஓடி வந்தார். வேலி ஓரமாகப் போய்க்கொண்டிருந்த செண்பகவல்லியும் வந்தாள். எட்டத்தில்தான் நின்றாள்.

மாலைக்குள் மற்ற முட்டைகளிலிருந்தும் குஞ்சுகள் கீறிக்கொண்டு வந்தன. ஒன்று மட்டும் அசையவில்லை. அதையும் அவன் விடவில்லை. மற்றவற்றை மண் சட்டியில் வைத்து மூடிவிட்டு, அதன் எதிரே காத்திருந்தான். மறுநாள் வெயில் ஏறும்போது அதுவும் தலையை நீட்டியது.

சட்டியை ஊரைத் தாண்டிக் கற்குவியல் பக்கம் கொண்டு போனான். அம்மை கூட நடந்தார். சட்டியைச் சாய்த்தபோது ஒரு குஞ்சு சீறி அவன் சுண்டுவிரலைக் கடித்தது. நெல் முனை குத்தியது போல ஒரு துளி ரத்தம் வந்தது. அது நழுவிக் கல்லிடுக்கில் மறைந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் போயின. சற்று நேரத்தில் அங்கே கற்கள் மட்டும் இருந்தன.

தவசிமுத்து வெகுநேரம் குனிந்தபடி இருந்தான்.

“ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை அம்மா.”

அம்மை காலிச் சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“நீங்கள் பார்த்துக்கொண்டீர்களே.”