பன்னிரண்டு மாதுளை முத்துகள்

ஒரு காட்டில், ஏரிக்கரை மாதுளை மரத்தில் ஓர் அணிற்பிள்ளை இருந்தது. எது கிடைத்தாலும் பொந்தில் பதுக்கி வைக்கும். எதையும் விட மனசு வராது.

குளிர்காலத்தில் கிரேக்க நாட்டிலிருந்து ஓர் இளம் செங்கால் நாரை அந்த ஏரிக்கு வந்தது. தன் நாட்டுப் பழங்கதைகளை நாரை சொல்ல, அணிலும் அந்த ஏரியில் வாழ்ந்த ஓர் ஆமையும் சேர்ந்து நடித்து விளையாடும். ஓட்டின்மேல் தாமரை இலை போட்டால் போதும், ஆமை ராஜாவாகிவிடும்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள் நாரை, "நாளைக்கு நான் போகிறேன்," என்றது.

அணில் பதறிப்போனது. அந்தக் காட்டில் பக்கத்து மரத்துக்குப் போகிறவர்கள்கூட 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்வார்கள். 'போகிறேன்' என்றால் திரும்பி வராத போக்கல்லவா? அயல்நாட்டு நாரைக்கு இந்த வழக்கம் தெரியாதே என்று அதற்குத் தோன்றவே இல்லை, பாவம்.

அப்போது, நாரை முன்பு சொல்லியிருந்த ஒரு கதை அணிலின் நினைவுக்கு வந்தது. பயிர்களின் தேவதைக்கு ஒரு மகள். பாதாள ராஜா அவளைத் தூக்கிப் போக, அம்மா அழுது அழுது கூப்பிட்டாள். அங்கே எத்தனை மாதுளை முத்து தின்றாளோ, வருஷத்தில் அத்தனை மாதம் அவள் அங்கேயே இருந்தாக வேண்டும்.

அணில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முத்துகளை எண்ணி இலையில் வைத்தது. "நாரையே, இன்றைக்கு நீதான் மகள்! ஆமையண்ணன் பாதாள ராஜா!"

"அம்மா யார்?" என்றது ஆமை.

"அம்மா எதற்கு?"

"அம்மா இல்லாமல் இந்தக் கதை ஏது? நீயே அம்மாவாகி அழு."

நாரை ஒவ்வொரு முத்தாகக் கொத்தியது. "மகளே, வந்துவிடு!" என்று அணில் பொய்யாகத்தான் அழத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது.

ஆறாவது முத்தோடு நாரை நிமிர்ந்தது. "சிறகில் அடிபட்டதால் என் அம்மா என்னோடு வரவில்லை. அவளும் அங்கே இப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்."

"பேச்சை விடு. இன்னும் ஆறு இருக்கிறது, தின்றால்தான் ஆட்டம் முடியும்," என்று ஆமைராஜா அதட்டினார்.

நாரை மறுபடி குனிந்தது. அணில் பாய்ந்து வந்து, மிச்சமிருந்த ஆறையும் தன் வாயில் திணித்துக்கொண்டது.

"ஆட்டம் முடிந்தது! ஆறு மாதம் எங்களோடு இருந்தாய். ஆறு மாதம் அம்மாவோடு இரு. ஆனால் 'போகிறேன்' என்று மட்டும் சொல்லாதே."

"வேறு எப்படிச் சொல்வதாம்?"

அணில் சொல்லிக் கொடுத்தது.

மறுநாள் காலையில் நாரை மாதுளை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, "போய் வருகிறேன்!" என்று கத்தியது.

"போய் வா!" என்றது அணில். ஏரி வெறிச்சென்று கிடந்தது. நாரை கண்ணுக்கு மறையும்வரை அணில் உச்சிக்கிளையை விட்டு இறங்கவில்லை.

நீதி: அன்பானவரைப் பிடித்து வைக்காதே, போய் வர வழி விடு.