அம்மன் பேரால் உருண்ட பகடை

முன்னொரு காலத்தில் முள்ளிநாட்டை இளவெயினன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். சூதாட்டம்தான் அவனுக்குப் பூசை. உருட்டுவது மனிதன் கை, விழவைப்பது அம்மன் என்று நம்பினான். ஜெயித்தால் அருள், தோற்றால் கோபம். அவனோடு ஆடி எப்போதும் ஜெயித்தவன் தத்தன் என்ற அரசவைக்காரன். "இவன் கையில் அம்மன் இருக்கிறாள்!" என்று, குறிகேட்கும் பொறுப்பையும் அரசன் அவனிடமே கொடுத்துவிட்டான். அம்மன் சன்னதியில் தத்தன் பகடை உருட்டுவான். தாயம் விழுந்தால் 'ஆம்', வேறெது விழுந்தாலும் 'இல்லை'.

மழை பொய்த்தது. அம்மன் பலி கேட்கிறாள் என்றான் தத்தன். குயவன் சாத்தன் பெயரைச் சொல்லி உருட்டினான். தாயம். சாத்தன் பலியானான்; மழை வரவில்லை.

அடுத்து, தனக்கு நெடுநாளாக ஆகாத அமைச்சர் நல்லாதனின் மகள் குமுதையின் பெயரைச் சொன்னான். தாயம்!

அமைச்சர் அழவில்லை. "அரசே, அம்மனிடம் நானும் ஒன்று கேட்கலாமா?"

"கேளும்."

தத்தன் கையை மூடுமுன் பகடையைப் பறித்தார். "தாயே, உனக்கு வேண்டியது அரசர் தலையா?" என்று கேட்டு உருட்டினார். தாயம்!

அரசன் துள்ளி எழுந்தான். "தத்தா! என்ன இது?"

"பொய், பிரபு! பொய்!"

"என் மகளைக் கேட்டதும் இதே பகடைதானே ஐயா? அது மெய்யென்றால் இதுவும் மெய். எது வேண்டும், நீரே சொல்லும்" என்றார் அமைச்சர் தத்தனிடம்.

அரசன் பகடையை உடைக்கச் சொன்னான். உள்ளே ஈயம்.

தத்தனுக்கு விலங்கு பூட்டினார்கள். அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கு நீட்டினான். கூட்டத்திலிருந்து சாத்தனின் மனைவி நாகி முன்னே வந்தாள்.

"அப்போ எம் புருசனைக் கேட்டது யாரு சாமி?"

அமைச்சரின் கை மாலையை வாங்காமல் கீழே இறங்கியது. அம்மனிடம் கேட்ட அந்தக் கேள்வியைச் சாத்தன் பலிக்கு நின்ற அன்றே அவர் கேட்டிருக்கலாம். அன்றும் அவர் சன்னதியில்தான் இருந்தார்.

மறுநாள் ஊரே அரண்மனை வாசலில் கூடியது. தத்தனைக் கல்லால் அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அரசன் வெளியே வந்தான்.

"வேற பகடை செய்யச் சொல்லுங்க ராசா," என்றார்கள். "மழை இன்னும் வரலையே. அடுத்து யாருன்னு தெரியணும்."