நிறையாத பிடி மண்

ஆடுகளும் காற்றும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையுச்சியில் மண் கிடையாது. கறுத்த பாறையும் பாசியும்தான். அங்கே குகைகளில் வாழ்ந்தவர்கள் தேன் எடுத்துப் பிழைத்தார்கள்.

ஒரு நாள் கொம்பன் என்பவன் கொடியில் தொங்கியபடி தேனடை அறுத்துக்கொண்டிருந்தான். காற்று விளையாட்டாகக் கொடியை ஆட்டியது. கொடி அறுந்தது. கீழே பாறையில் விழுந்தவன் எழவில்லை.

விழுந்த இடத்திலேயே அவனைக் கற்களால் மூடினார்கள். உறவினர் அடிவாரத்திலிருந்து ஆளுக்கொரு பிடி மண் சுமந்து வந்து போட்டார்கள். அன்றைய மழையில் அது கரைந்து போனது. உறவினர் போட்டதோடு முறை முடியவில்லை. சாவுக்குக் காரணமானவரும் ஒரு பிடி மண் போட வேண்டும். அதுவரை இறந்தவரின் குகையில் அடுப்பு எரியக் கூடாது.

கொம்பனின் மனைவி வெள்ளச்சி காற்றைக் கூப்பிட்டாள்.

"வேணும்னு செய்யலை தாயி," என்றது காற்று.

"எப்படிச் செஞ்சாலும் உன் பிடி மண் வரணும்."

"எனக்கு உள்ளங்கை இல்லையே."

"கொடியை ஆட்ட மட்டும் கை இருந்துச்சா?"

காற்று சமவெளிக்கு இறங்கி, காய்ந்து கிடந்த செம்மண் காட்டில் மண்ணை வாரிக்கொண்டு மலையேறியது. மணல் அடிவாரத்திலேயே உதிர்ந்தது. பொடிமணல் பாதி மலையில் உதிர்ந்தது. மாவு போன்ற தூசி மட்டும் உச்சிக்கு வந்தது. அதிலும் பெரும்பகுதி அப்பால் பறந்துவிட்டது. கல்லிடுக்கின் ஈரப் பாசியில் ஒரு சிட்டிகை ஒட்டியது.

"இது பிடி ஆகாது," என்றாள் வெள்ளச்சி.

காற்று திரும்பிப் போனது. ஒவ்வொரு கோடையிலும் வந்தது. வெள்ளச்சி அடிவாரத்துக் கிழங்கைப் பச்சையாகத் தின்று, குளிரில் சுருண்டு படுத்து, தலை நரைத்தாள்.

ஒரு காலை, கல்லிடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். செம்மண் கை நிறைய இருந்தது. அள்ளப் போனாள்.

"அக்கா, பொறு," என்றது குட்டியோடு நின்ற வரையாடு. "அதில என்னமோ முளைச்சிருக்கு."

இரண்டு புல் தளிர்கள். அந்த உச்சி அதுவரை புல்லைக் கண்டதில்லை.

"என் குட்டி பாசியை நக்கியே வளருது. இந்த மண்ணு இன்னும் வந்தா மலை பூரா புல்லாகும்."

"பிடி நிறைஞ்சிடுச்சுன்னு சொன்னா காத்து வராது," என்றாள் வெள்ளச்சி.

"சொல்லலைன்னா உன் அடுப்பு எரியாதே."

அவள் குட்டியைப் பார்த்தாள். அதன் விலா எலும்புகள் தெரிந்தன.

மாலையில் காற்று மூச்சிரைக்க வந்தது. "இப்பவாவது நிறைஞ்சுதா தாயி?"

வெள்ளச்சி அந்த இடுக்கின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"இல்லை. இன்னும் கொண்டா."

சில ஆண்டுகள் கழித்து, ஒரு பனிக்காலத்தில், நெருப்பு காணாத குகையில் அவள் இறந்தாள். கொம்பனுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அவளுக்குப் போடும் மண்ணை யாரும் அடிவாரத்திலிருந்து சுமக்கவில்லை. அங்கேயே குனிந்து அள்ளினார்கள்.

காற்றிடம் போதும் என்று சொல்ல ஆளில்லை. இன்றும் கோடைதோறும் சமவெளியின் புழுதி மலையேறுகிறது. உச்சியில் பாறை கறுப்பாக இருக்க, அதன்மேல் கிடக்கும் மண் மட்டும் சிவந்து, மாவாக இருப்பதும் அதனால்தான்.