தளவாய் சொல்லாத வெட்டு

முன்னொரு காலத்தில், எட்டு வருஷமாகப் போரே வராத ஒரு நாடு இருந்தது. குடிகளுக்கு நிம்மதி, ராஜாவுக்குத்தான் கை அரித்தது. அதனால் சபை நடுவே கட்டம் போட்ட ஜமுக்காளத்தை விரித்து, மரப் பொம்மைகளை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை விளையாட ஆரம்பித்தார். வேறு யாராகவோ வேஷம் கட்டுவது அவருக்குப் பிடிக்காது. ராஜா பொம்மை ராஜாதான், தளவாய் பொம்மை தளவாய்தான். அடிக்கிறவர் எழுந்து நின்று, யார் யாரை எங்கே வெட்டுகிறார் என்று வாயால் சொல்லவேண்டும். பிறகுதான் கட்டை உருளும்.

விதி சொல்லும் வேலை விகடகவி தும்பையனுக்கு. "ஆளுக்கொரு விதி சொன்னால் அன்றைக்கே நாட்டை விட்டுப் போய்விடவேண்டும்" என்று ராஜா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த வேலை தனக்குக் கிடைக்கவில்லையே என்று தளவாய் மழவராயருக்கு வயிற்றெரிச்சல். ஒரு நாள் தன் பொம்மையை மெல்ல நகர்த்தி, ராஜா பொம்மையின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

"தும்பையாரே, அடியேனுக்கு ஒரு சந்தேகம். முதுகில் விழும் வெட்டைக் கேடயம் தடுக்குமா?"

முந்தின நாள் புரோகிதர் பொம்மை முதுகில் வெட்டு வாங்கியபோது, தடுக்காது, ஆள் காலி என்று சொன்னவன் தும்பையன்தான். இன்றைக்குத் தடுக்கும் என்றால் மூட்டை கட்டவேண்டும். தடுக்காது என்றால், ராஜா செத்தார் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகும். பாவம், கண்ணுகளா, என்ன செய்வான்?

"தடுக்காது, தளவாயாரே. நேற்றும் அதே, இன்றும் அதே" என்றான்.

ராஜாவின் புருவம் ஏறியது.

"அப்படியானால் உருட்டட்டுமா?" தளவாய் கட்டையைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கள். நேற்றுக் கருவூலத்தார் எழுந்து நின்று, 'நான் புரோகிதரை முதுகில் வெட்டுகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தானே உருட்டினார்? தாங்களும் சொல்லுங்கள். யார், யாரை, எங்கே. வாசல் காவலர் காதிலும் விழட்டும்."

தளவாய் எழுந்தார். "நான்..." என்றார். வாசலில் இருந்த நான்கு ஈட்டிகளும் அவர் பக்கம் சாய்ந்தன.

"யாரை என்று சபையில் கேட்கிறார்கள், தளவாயாரே" என்றான் தும்பையன், பணிவாக.

"என் பொம்மை நடந்து களைத்திருக்கிறது. உட்காருகிறது" என்று தளவாயும் உட்கார்ந்தார்.

"வெட்டு இல்லை. அடுத்த ஆட்டம் மகாராஜாவுடையது" என்றான் தும்பையன்.

ராஜா சிரித்த சிரிப்பில் ஜமுக்காளம் குலுங்கி இரண்டு பொம்மைகள் சரிந்தன. சுவரில் தொங்கிய தன் கேடயத்தையே கழற்றித் தும்பையனுக்குக் கொடுத்தார். அவன் கும்பிட்டு வாங்கி, அதை முதுகில் கட்டிக்கொண்டு, தளவாயைக் கடந்து நடந்து வீடு போய்ச் சேர்ந்தான்.