ரெஜினாளின் மோர்க் குடம்

மூடிய அணுமின் நிலையத்தின் தொட்டிகளில் கதிர்வீச்சுக் கழிவுநீர் நிரம்பிக் கிடந்தது. அதைக் கடலில் விடுவதற்காகச் சிப்பித்துறைக் கடற்கரையில் பந்தல் போட்டு ஊராரிடம் கருத்துக் கேட்டார்கள்.

"நூறு பங்கு கடல்தண்ணி கலந்துதான் விடுவோம். லிட்டருக்கு எவ்வளவு கதிர்வீச்சுன்னு பார்த்தா வரம்புக்குள்ளதான் இருக்கும். இதுல யாராவது ஒரு குறை சொல்லுங்க, குழாயைத் திறக்கலை," என்றார் தலைமைப் பொறியாளர் மகுடபதி.

மீன் விற்கும் ரெஜினாள் எழுந்து வந்தாள். "பேசிக் களைச்சிருப்பீங்க. மொதல்ல மோர் குடிங்க சார்."

ஒரு வாய் குடித்தவர் துப்பினார். "என்னம்மா இது, வெறும் உப்பு."

மிச்ச மோரை அவள் பந்தலில் இருந்த தண்ணீர்க் குடத்தில் கவிழ்த்துக் கலக்கி, ஒரு தம்ளர் மொண்டு கொடுத்தாள்.

"இப்பப் பரவாயில்லை," என்றார்.

"அப்ப குடத்தையும் குடிச்சு முடிங்க. உப்பு எங்கயும் போகலை, அதுலதான் இருக்கு. எங்க கடலுக்கு நீங்க குடுக்கிறது தம்ளர் இல்லையே சார், குடம்தானே. பதில் சொல்லுங்க, அதுவரைக்கும் நான் உட்கார மாட்டேன்."

மகுடபதிக்குப் பக்கத்திலிருந்த அணுசக்திக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வசுமதிதான் பேசினார். "லிட்டருக்கு எவ்வளவுங்கிறது மட்டும் போதாது. மொத்தமா எவ்வளவு விடலாங்கிறதுக்கும் வரம்பு வைப்போம். அதுவரை குழாய் திறக்கக் கூடாது."

மகுடபதி குடிக்கத் தண்ணீர் தேடினார். எதிரே அந்தக் குடம் மட்டும்தான் இருந்தது.